"வீட்ல சும்மாதான் இருக்கேன்": உழைப்பையும் உழைப்பவர்களையும் பற்றிப் படிக்க எங்கிருந்து தொடங்குவது?

முதலாண்டு_மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம் எம்.ஏ. சமூகவியல் சேர்ந்திருக்கிறேன். "உழைப்பும் உழைக்கும் மக்களும்" என்று ஒரு தாள் இருக்கிறது. முதல் வகுப்பிலேயே மேடம் ஒரு வேலை கொடுத்தார்: "உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலாளியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்." நான் யோசிக்காமல் உருக்காலையில் வேலை பார்ப்பவர் ஒருவரை எழுதினேன். அப்படி யாரையும் எனக்குத் தெரியாது. டிவியில் பார்த்ததுதான்.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். ஆலங்குளம் பக்கம். பெரியம்மை திண்ணையில் சொளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பிறந்ததிலிருந்து அவளை அப்படித்தான் பார்க்கிறேன். "தெரிந்த தொழிலாளி" என்றதும் அவள் முகம் ஏன் எனக்கு வரவில்லை என்பது ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

பத்துப் பக்கக் கட்டுரை ஒன்று கொடுக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது, எதைப் படிப்பது, யாரிடம் கேட்பது என்று பெரியவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

தம்பி, உன் உறுத்தல் எனக்குப் புரிகிறது. 2001, 2011 இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் நான் வீடுவீடாகப் போனவன். பயிற்சியில் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்திருந்தால் முதன்மைத் தொழிலாளர். அதற்குக் குறைந்தால் குறுநிலைத் தொழிலாளர். கூலி வாங்காமல் சொந்த வயலிலோ குடும்பத் தொழிலிலோ உழைத்தாலும் அது வேலைதான். இந்தக் கடைசி வரியைக் கேள்வியிலேயே வெளிப்படையாகச் சேர்த்தது 1991-ல். அதற்கு முன்னால் எத்தனை கோடிப் பெண்களின் உழைப்பு கணக்கில் விழாமல் போயிற்றோ.

ஆனால் வாசலில் நின்று கேட்கும்போது நடப்பது வேறு. "வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்?" என்றால் பதில் வரும். "நீங்கள்?" என்றால் "வீட்ல சும்மாதான் இருக்கேன் சார்" என்பார்கள். சொல்லும்போதே கையில் இலை இருக்கும், மடியில் தூள் இருக்கும். நான் சொளவைக் காட்டி "இது என்னம்மா?" என்று கேட்பேன். "இது கைவேலை சார்" என்று சிரிப்பார்கள். அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இரண்டாவது கேள்வியைக் கேட்காத பணியாளர்களும் உண்டு. ஒரு கேள்வி கேட்காமல் விட்டால் ஒரு தெருவே "வேலை செய்யாதோர்" கட்டத்துக்குள் போய்விடும்.

இன்னொன்றும் சொல்கிறேன். வீட்டுத் தேவைக்கு மட்டும் மாட்டைக் கறந்தாலும் கணக்கெடுப்பில் அது வேலை. கறந்த பாலைக் காய்ச்சிப் பிள்ளைக்குக் கொடுத்தால் அது வேலை இல்லை. கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது பார். 2019-ல் இந்தியா முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தினார்கள். கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். கட்டுரையை இந்த இரண்டு எண்களிலிருந்தும் நீ தொடங்கலாம்.

பெரம்பூர்_சங்கம்

வாத்தியார் சொன்னது சரி. ஆனால் தம்பி, எண்ணிக்கையோடு நின்றுவிடாதே. உழைப்பவர்கள் தங்களைத் தாங்களே தொழிலாளி என்று அறிவித்துக்கொண்ட வரலாறு இருக்கிறது. அதைப் படிக்காமல் இந்தத் தாளை எழுத முடியாது. நான் 30 வருடம் தொழிற்சங்கத்தில் இருந்தவன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை கிடைத்தன. அவ்வளவு பேர் அத்தனை நாள் கூலியில்லாமல் இருந்தபோது அடுப்பு எரிந்தது எப்படி, யார் அரிசி கொடுத்தார்கள் என்று நீ தேடிப் பார்க்க வேண்டும். ஒரு வேலைநிறுத்தத்தின் உயிர் அங்கேதான் இருக்கும்.

பிறகு 1918 ஏப்ரல் 27. சென்னைத் தொழிலாளர் சங்கம். பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்காக எழுந்தது. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரண்டு வணிகர்கள் நடத்திய பக்திச் சபைக்கு மில் ஆட்கள் வருவார்கள். கதை கேட்க வந்தவர்கள் மில்லில் படும் பாட்டைப் பேசத் தொடங்கினார்கள். சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது என்பது முக்கியமான குறை. பி.பி. வாடியாவை அழைத்து வந்து தலைவராக்கினார்கள். திரு.வி.க.வும் சேர்ந்தார். நிர்வாகம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது, சங்கத் தலைவர்களுக்குத் தடையுத்தரவு வாங்கியது. அந்த அனுபவம்தான் 1926 தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு ஒரு காரணம். 1923 மே 1-ம் தேதி சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியதும் இதே காலத்தில்தான்.

இதையெல்லாம் விட்டுவிட்டுத் திண்ணையில் இருப்பவரை மட்டும் எழுதினால் பரிதாபக் கதையாக முடிந்துவிடும் என்பது என் கவலை.

புளியந்தோப்பு

பெரம்பூர் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் 1918-ஐச் சொன்னீர்கள், 1923-ஐச் சொன்னீர்கள். நடுவில் 1921 விட்டுப்போயிற்று. எங்கள் தாத்தாக்களுக்கு மறக்காத வருடம் அது.

அதே மில்களின் வேலைநிறுத்தம் அந்த வருடம் சாதி வழியாகப் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஊர்க்காரர்கள், போலீஸ், நிர்வாகம், கட்சிகள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். "கருங்காலி" என்று ஒரே வார்த்தையில் முடித்து எழுதியவர்கள் நிறையப் பேர். அவர்கள் ஏன் போனார்கள்? கடன் யாரிடம் இருந்தது? ஊருக்குத் திரும்பினால் நிலம் இருந்ததா? வேலைநிறுத்த நாட்களில் மற்றவர்களுக்கு ஊரில் கிடைத்த ஆதரவு இவர்களுக்குக் கிடைத்ததா? இவற்றைக் கேட்டுப் பார்க்காமல் தொழிலாளர் வரலாறு முழுமையாகாது.

தம்பிக்கு ஒரு தகவல். சென்னை மாகாணத்தில் 1920-ல் லேபர் கமிஷனர் பதவி வந்தபோது அதன் பெரிய பொறுப்புகளில் ஒன்று தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மனையும் கிணறும் பள்ளியும் ஏற்படுத்துவது. எங்கள் பாட்டி ஆதிதிராவிடர் நலப் பள்ளியைக் கடைசிவரை "லேபர் ஸ்கூல்" என்றுதான் சொன்னார். லேபர் என்ற சொல்லுக்கும் சாதிக்கும் இந்த ஊரில் அவ்வளவு நெருக்கம்.

பெரம்பூர்_சங்கம்

தம்பி புளியந்தோப்பு, நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அந்த வருடத்தை நாங்கள் சங்க வகுப்புகளில் வேகமாகத் தாண்டிவிடுவோம். தாண்டியது தவறு.

ஓவர்லாக்_அக்கா

திருப்பூர்ல இருந்து எழுதறேன். நான் படிச்சது பத்தாவது. 19 வருசமா கம்பெனியில இருக்கேன், கைமடியில ஆரம்பிச்சு இப்ப ஓவர்லாக் தையல் மெஷின். உங்க பேச்செல்லாம் படிச்சேன், நல்லா இருக்கு. ஆனா யாருமே கூலியை எப்படிக் கணக்குப் போடறாங்கன்னு பேசலையே கண்ணு. அங்கதான எல்லாமே இருக்கு.

இங்க நாளைக் கணக்குல பேச மாட்டோம், ஷிப்ட்டுதான். காலையில எட்டரைக்கு உள்ள போனா சாயந்திரம் அஞ்சரைக்கு ஒரு ஷிப்ட். ராத்திரி எட்டரை வரைக்கும் ஓட்டுனா ஒன்றரை ஷிப்ட். "இந்த வாரம் எத்தனை ஷிப்ட் போட்டே?"ன்னுதான் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவோம். சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு ரெட்டைச் சம்பளம்னு வக்கீலுங்க சொல்வாங்க. ஆனா அரை ஷிப்ட்னு பேர் வச்சதும் அது கூடுதல் நேரமாவே தெரியாம போயிருது பாருங்க. பேரு வைக்கிறதுலயே கூலி போயிருது.

அப்புறம் பீஸ்ரேட், எத்தனை பீஸ் முடிக்கறமோ அதுக்குத்தான் கூலி. ஷிப்ட்டுல இருக்கறவங்களைப் பார்த்துக்க சூப்பர்வைசர் வேணும். பீஸ்ரேட்டுல யாரும் வேண்டாம், நம்மளே நம்மளை விரட்டிக்குவோம். தண்ணி குடிக்க எந்திரிச்சா பத்து பீஸ் போச்சுன்னு மனசு கணக்குப் போடும். மத்தியானம் வரைக்கும் பாத்ரூம் போகாம இருந்து இருந்து ஒரு தடவை நீர்க்கடுப்பு வந்து மூணு நாள் படுத்தேன். அந்த மூணு நாளுக்கும் கூலி கிடையாது.

1984-ல இங்க பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்துச்சு. எங்க அப்பா அதுல இருந்தவர். ஜெயிச்சதும் உண்டு, அதுக்கப்புறம் வேலையெல்லாம் சின்னச் சின்ன யூனிட்டா, காண்ட்ராக்டா சிதறிப் போனதும் உண்டுன்னு சொல்வார். பனியன் ஒண்ணா இருந்தாலும் அதை வெட்டறவர் ஒரு இடம், தைக்கிறவர் ஒரு இடம், பிசிறு வெட்டறவங்க வீட்டுல.

தம்பி, உன் பெரியம்மா ஆயிரத்துக்கு எவ்வளவு வாங்கறாங்கன்னு மட்டும் கேட்காத. அந்த ஆயிரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு பக்கத்துல உட்கார்ந்து பாரு.

கோர்ட்டு_வராண்டா

நான் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர். மாணவரின் பெரியம்மா கதையில் ஒரு சிறப்பு இருக்கிறது. "தொழிலாளி யார்?" என்ற கேள்வியை இந்திய உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது பீடி சுற்றுபவர்களை வைத்துத்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1958-ல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்று, சிந்தாமண் ராவ் வழக்கு. பீடிக் கம்பெனி நேரடியாக ஆள் வைக்கவில்லை, சட்டேதார் என்ற இடைத்தரகர்களிடம் வேலையைக் கொடுத்தது. அவர்கள் ஆட்களை வைத்துச் சுற்றி வாங்கிக் கம்பெனியில் சேர்த்தார்கள். இந்தச் சட்டேதார்கள் கம்பெனியின் தொழிலாளர்கள் அல்ல, தனி ஒப்பந்தக்காரர்கள் என்று தீர்ப்பு வந்தது.

1960-களின் தொடக்கத்தில் பிர்திசந்த் சர்மா வழக்கு, நாக்பூர். இங்கே ஆட்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து சுற்றினார்கள். எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம், எண்ணிக்கைக்குத்தான் கூலி. நினைத்த நேரத்தில் வருபவன் எப்படித் தொழிலாளி ஆவான் என்று முதலாளி கேட்டார். வேலையின் தன்மையைப் பொறுத்துக் கட்டுப்பாடு மாறும், தரமில்லாத பீடியைத் தள்ளும் உரிமை முதலாளியிடம் இருக்கிறதே, அதுவும் கட்டுப்பாடுதான் என்று சொல்லி, அவர்கள் தொழிலாளர்களே என்றது நீதிமன்றம்.

அதற்கு அடுத்த ஆண்டே சங்கர் பாலாஜி வாஜே வழக்கில், கிட்டத்தட்ட இதே போன்ற ஒரு பீடி சுற்றுபவரைத் தொழிலாளி இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டு எழுதினார். அதே கை, அதே இலை, ஓராண்டு இடைவெளி, எதிரெதிர்த் தீர்ப்பு.

1964-ல் நம் ஊர் வழக்கு வந்தது, திவான் மொகிதீன் சாகிபு வழக்கு. சென்னைத் தொழில் தீர்ப்பாயத்திலிருந்து மேலே போனது. ஒப்பந்தக்காரர் என்று காகிதத்தில் ஒருவர் இருக்கிறார். இலையும் தூளும் வருவது கம்பெனியிடமிருந்து, பீடி போவதும் கம்பெனிக்கு. நடுவில் நிற்பவர் கம்பெனியின் கிளை மேலாளர் மாதிரிதான், ஒப்பந்தம் வெறும் மறைப்பு என்று தீர்ப்பு.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் பிறகுதான் 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. மூலப்பொருளை வாங்கி வீட்டில் வைத்துச் சுற்றுபவரும் தொழிலாளரே என்று எழுதிவைத்த சட்டம். முதலாளிகள் எதிர்த்துப் போனார்கள், 1974-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1985-ல் பி.எம். படேல் வழக்கில், வீட்டிலிருந்து சுற்றுபவருக்கும் பி.எஃப். உண்டு என்று முடிவாயிற்று.

ஆக, திண்ணையில் இருக்கும் உங்கள் பெரியம்மா தொழிலாளி என்று நிலைநாட்ட இந்த நாட்டுக்கு ஒரு தலைமுறைக் காலம் ஆனது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்கள் போய் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. 1966 சட்டமும் அதற்குள் கரைந்துவிட்டது. அந்த வாசகங்கள் எப்படி மாறியிருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே ஒரு கட்டுரைக்குப் போதும்.

சிவப்பு_பை_டெலிவரி

வக்கீல் சார், உங்க பதிவைப் படிச்சதும் எனக்கு எங்க ஆப்தான் ஞாபகம் வந்தது. எப்போ வேணும்னாலும் லாகின் பண்ணலாம், எண்ணிக்கைக்குக் காசு, ரேட்டிங் குறைஞ்சா ஆர்டர் வராது. பீடியைத் தள்ளற மாதிரியே எங்களைத் தள்ளறாங்க. நாங்க தொழிலாளியா?

கோர்ட்டு_வராண்டா

2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு உங்களை "கிக்" பணியாளர் என்று தனியே வைக்கிறது. வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்பதுதான் அங்கே வரையறை. நலத்திட்டம் வரலாம். கூலி உயர்வு கேட்டோ வேலைநீக்கத்தை எதிர்த்தோ தொழில் தகராறு எழுப்புவது வேறு விஷயம். தமிழ்நாட்டில் 2023 முதல் தனி நலவாரியம் இருக்கிறது, பதிவு செய்துகொள்ளுங்கள். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர் என்றே தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, கட்டணத்தை யார் தீர்மானிக்கிறார், பயணத்தை மறுத்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். நாக்பூர் பீடி வழக்கின் கேள்வியேதான் அது.

ஹட்டன்_மலை

வணக்கம், இலங்கை மலையகத்திலயிருந்து எழுதுறன். கூலியின் பெயரில எல்லாம் இருக்கு என்று ஓவர்லாக் அக்கா சொன்னது எங்களுக்கு அப்பிடியே பொருந்தும்.

எங்கட தேயிலைத் தோட்டத்தில ஒரு நாள் வேலைக்கு "பேர்" என்று சொல்லுவம். "இந்த மாசம் எத்தின பேர்?" என்றால் எத்தின நாள் சம்பளம் என்று அர்த்தம். விடிய பெரட்டுக்களத்தில நின்று பேர் குடுக்கிறதில இருந்து வந்த சொல். தோட்டம் வச்ச கிலோ அளவுக்குக் கொழுந்து எடுக்காட்டி "அரைப் பேர்". நாள் முழுக்க மழையில, அட்டைக்கடியில நின்றும், பின்னேரம் தராசு சொல்லுறதைக் கேட்டு பாதி மனுசியா வீட்டுக்குப் போற மாதிரி இருக்கும் என்று அம்மா சொல்லுவா. ஈரக் கொழுந்துக்கு, கூடைக்கு என்று தராசில கழிக்கிறது வேற.

ஊரிலயிருந்து ஆக்களைச் சேர்த்துக் கொண்டுவந்து வேலை வாங்கின பெரிய கங்காணிக்கு முந்தித் தலைக்காசு கிடைச்சது. அவர் கொண்டுவந்த ஆக்கள் எத்தின பேர் வேலைக்கு இறங்கினவையோ அதுக்கேத்த காசு. எங்கட ஆக்கள் ஊரிலயிருந்து கடலைக் கடந்து வந்து சேரும்போதே கடனோடதான் சேர்ந்தவை. ஒரு தோட்டத்தில இருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போறதென்றால் அந்தக் கடனை எழுதின துண்டு ஒன்று கையில இருக்க வேணும். புதுத் தோட்டம் கடனைக் கட்டினாத்தான் ஆள் போகலாம். 1921-ல துண்டு முறையை ஒழிச்சவை. அதே 1921-ல புளியந்தோப்பு எரிஞ்சது என்று மேல ஒருத்தர் எழுதியிருக்கிறார். இரண்டையும் ஒரே பக்கத்தில வச்சுப் பார்க்கவேணும் என்று இண்டைக்குத்தான் தோணிச்சு.

களக்குறிப்பு

நான் தொழிலாளர் வரலாற்றில் ஆய்வு செய்கிறேன். தம்பி, இந்தத் துறை எப்படி வளர்ந்தது என்று இரண்டு வார்த்தை. வெகுகாலம் "தொழிலாளர் ஆய்வு" என்றாலே ஆலை, சங்கம், வேலைநிறுத்தம், ஆண். 1963-ல் இங்கிலாந்தில் இ.பி. தாம்சன், வர்க்கம் ஏற்கெனவே செய்துவைத்த பொருள் அல்ல, மனிதர்களுக்கிடையே காலப்போக்கில் நிகழ்வது என்று வாதிட்டார். கைத்தறி நெசவாளி, பிரார்த்தனைக் கூட்டம், சந்தைக் கலவரம் எல்லாம் வரலாற்றுக்குள் வந்தன. பெரம்பூர் ஐயா சொன்ன பக்திச் சபையை அந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பார். மும்பை மில்களைப் பற்றி எழுதிய ராஜ்நாராயண் சந்தாவர்க்கர், மில் வாசலை விட்டுக் குடியிருப்புக்குள் போனார். மளிகைக் கடன், ஊர்க்காரன் தயவு, வேலை வாங்கித் தரும் ஜாபர் ஆகியோர் இல்லாமல் வேலைநிறுத்தம் புரியாது என்று காட்டினார்.

அகமதாபாத்தில் 1972-ல் சேவா என்ற சுயதொழில் பெண்கள் அமைப்பு சங்கமாகப் பதியப் போனபோது தொழிலாளர் துறை மறுத்தது. வீட்டில் வேலை செய்பவர்களுக்கும் தலைச்சுமைப் பெண்களுக்கும் முதலாளி யார், யாரை எதிர்த்துச் சங்கம் என்று கேட்டார்கள். தொழிலாளர்கள் ஒன்றுசேர்வதற்காகவும் சங்கம் இருக்கலாம் என்று வாதாடித்தான் பதிவு வாங்கினார்கள். வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கென்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் 177-ம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

இனி உன் பெரியம்மாவிடம் எப்படிக் கேட்பது. படிவம் எடுத்துக்கொண்டு போகாதே. அவள் சுற்றும்போது இலை வெட்டிக் கொடு. கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகப் பேசும். "கஷ்டமா?" என்று கேட்டால் "பழகிப்போச்சு" என்பாள். அதற்குப் பதிலாக "நேற்று எத்தனை மணிக்கு இலை நனைத்தாய்?" என்று கேள். வீட்டில் இருக்கிற காகிதம் எல்லாவற்றையும் பார்: பாஸ் புத்தகம் (இலை கொடுத்ததையும் பீடி வாங்கியதையும் கடையில் பதியும் புத்தகம்), அடையாள அட்டை, சங்கச் சந்தா ரசீது. ஏழைகள் காகிதம் வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்காதே. தகரப்பெட்டியின் அடியில் எல்லாம் இருக்கும். அவள் அனுமதியில்லாமல் எதையும் படம் எடுக்காதே.

முதலாண்டு_மாணவன்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வார இறுதி பெரியம்மையோடு உட்கார்ந்தேன். அவள் அனுமதியோடு எழுதுகிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்தாள். காலையில் நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி, ஏழு மணிக்கு இலை வெட்ட உட்கார்ந்தாள். தகட்டை இலைமேல் வைத்து அதன் அளவுக்குக் கத்தரியால் வெட்ட வேண்டும். நரம்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஓட்டை இலை, முற்றின இலை எல்லாம் கழிந்துபோகும். பீடிக் கடையில் ஆயிரத்துக்கு என்று எடைபோட்டுக் கொடுத்த இலையில் ஆயிரம் வரவில்லை. குறைகிற இலைக்கு அவள் கைக்காசு போட்டு வெளியே வாங்குகிறாள். வருடக்கணக்காக. இது எனக்குத் தெரியாது.

சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். இடது உள்ளங்கையில் இலை, வலது கை விரல்நுனியில் தூள், ஒரே உருட்டு, நகத்தால் முனையை மடக்கி, நூலால் ஒரு சுற்று. நிமிடத்துக்கு இரண்டு, சில நேரம் மூன்று. நடுவில் சித்தப்பா மாத்திரை கேட்டார், கறிவேப்பிலைக்காரர் வந்தார், பேரன் விழுந்தான். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். நாற்பதாவது கட்டு முடியும்போது இரவு எட்டே கால். அடுப்படி நேரத்தைக் கழித்து, இலை வெட்டியதைச் சேர்த்துப் பார்த்தால் பத்து மணி நேரத்துக்கு மேல். கடைக்கு நடந்து போய் வரிசையில் நின்ற ஒன்றரை மணி நேரம் இதில் இல்லை. கடையில் இரண்டு கட்டைப் பிரித்து மோந்து பார்த்து, உருட்டிப் பார்த்து, ஒரு கை அள்ளித் தனியே வைத்தார்கள். தள்ளியதைத் திருப்பித் தரவில்லை. ஏன் என்று நான் வாயெடுத்தேன், பெரியம்மை என் கையை அழுத்தினாள்.

"நேற்று எத்தனை மணிக்கு இலை நனைத்தாய்?" என்று கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. "எங்க அம்மைகூட இருந்து எட்டு வயசுல முனை மடக்க ஆரம்பிச்சேன்" என்றாள். அதற்கப்புறம் ரெண்டு மணி நேரம் பேசினாள். நான் எழுதவே இல்லை, இலை மட்டும் வெட்டினேன். பாதிக்கு மேல் கோணல்.

கடைசியில் தகரப்பெட்டியைத் திறந்தாள். பாஸ் புத்தகம் இருந்தது. களக்குறிப்பு அக்கா, வக்கீல் சார், உங்கள் இருவரிடமும்தான் கேட்கிறேன். புத்தகத்தில் அவள் பெயர் இல்லை. எங்கள் தெருவிலிருந்து கல்யாணமாகி வெளியூர் போன ஓர் அக்காவின் பெயர் இருக்கிறது. புதுப் புத்தகம் போடமாட்டோம், இதில் சுற்று என்று கடையில் சொன்னார்களாம். 11 வருடமாக அந்தப் பெயரில் சுற்றுகிறாள். பி.எஃப். போனால் அந்தப் பெயருக்குத்தானே போகும்?

ஓவர்லாக்_அக்கா

படிச்சுட்டு மனசு தாங்கலை கண்ணு. எங்க யூனிட்லயும் வருகைப் பதிவுல இல்லாத ஆளுங்க உண்டு. ஆடிட் வர்ற அன்னைக்கு லீவுன்னு அனுப்பிருவாங்க.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

நானும் அந்தப் புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன் தம்பி. பெயரைப் படித்ததில்லை.

பெரம்பூர்_சங்கம்

பரிதாபக் கதை ஆகிவிடும் என்று முதலில் எழுதினேன் அல்லவா, அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தம்பி, அந்தப் பக்கத்தில் பீடித் தொழிலாளர் சங்கங்கள் இன்றும் வேலை செய்கின்றன. தனியாகப் போய்க் கேட்காதே. அதே கடையில் பெயர் மாறிச் சுற்றுபவர் இன்னும் எத்தனை பேர் என்று முதலில் தெரிந்துகொள். ஐந்து பேர் சேர்ந்து போனால் கேட்கும் விதமே வேறு.

கோர்ட்டு_வராண்டா

ஆம், பெயர் யாருடையதோ அவர் கணக்கில்தான் சேரும். சரிசெய்ய வழி இருக்கிறது, சான்று வேண்டும். பழைய புத்தகங்கள் ஒன்றையும் தூக்கிப் போட வேண்டாம். எந்தத் தேதியில் எத்தனை ஆயிரம் சேர்த்தார் என்று இன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த அக்கா வெளியூரில் இருக்கிறார் என்பதற்கு ஆதாரம் கிடைக்கும், அவரிடமே பேசி எழுதி வாங்க முடியுமா பாருங்கள். அவருக்கும் இதில் சிக்கல் வரலாம், பயமுறுத்தாமல் பேசுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் பெரியம்மாவிடம் கேளுங்கள். இலை நின்றுபோனால் வீடு எப்படி ஓடும் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் சரி என்றால் மட்டும் தனிச்செய்தியில் எழுதுங்கள், நான் வருகிறேன்.

முதலாண்டு_மாணவன்

கேட்டேன் சார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "இலையை நிப்பாட்டிட்டான்னா என்ன செய்வே?" என்று ஒரு தடவை கேட்டாள். தெருவில் நான்கு பேரிடம் பேசிவிட்டு வந்தாள். அதில் மூன்று பேருக்கு வேறு பெயரில்தான் புத்தகமாம். செவ்வாய்க்கிழமை நான்கு பேரும் சேர்ந்து முதலில் சங்கத்துக்குப் போய்விட்டு அப்புறம் கடைக்குப் போகிறார்கள், நானும் போகிறேன். கூடையை நான் தூக்குகிறேன் என்றேன். "கட்டு அவிழ்ந்திரும், நீ புஸ்தகத்தைப் பிடி" என்றாள்.